துணையோடு சேர்ந்து வாழ விசா: வேலை தொடங்குவது ஊரில்தான்

மாப்பிள்ளைக்கு மூன்று வார விடுப்பு. மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டு, செஞ்சியில் மண்டபம் பிடித்து வரவேற்பு, இரண்டு வீட்டிலும் மறுவீட்டு விருந்து. எல்லாம் முடிந்து, "போனதும் விசா அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறுகிறார். அனந்தபுரத்தில் பெண் காத்திருக்கிறாள். சில வீடுகளில் ஆறு மாதம், சில வீடுகளில் இரண்டு வருடம்.

இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி தூதரகத்தில் கழிவதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பதிவு செய்யாத கல்யாணம், பெயர் எழுதாத பிறப்புச் சான்று என்று, ஊரிலேயே முடித்திருக்கக்கூடிய வேலைகளில்தான் கழிகிறது. மாப்பிள்ளை அங்கிருந்து அனுப்பக்கூடியது சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல் போன்றவைதான். பெரும்பாலான வழிகளில் விண்ணப்பதாரர் நீங்கள். கையெழுத்து உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். அதனால் இந்த அத்தியாயத்தை நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். மனைவி வெளிநாட்டில் செவிலியராக இருந்து கணவர் போய்ச் சேரும் குடும்பங்களும் உண்டு. இங்கே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் அவருடைய அட்டையைப் பாருங்கள்

"ஃபாரின் மாப்பிள்ளை" என்ற ஒரு சொல்லில் நான்கு விதமான ஆட்கள் அடங்குகிறார்கள்: அந்த நாட்டுக் குடிமகன், நிரந்தரமாக வாழ உரிமை பெற்றவர், வேலை விசாவில் இருப்பவர், படிக்கப் போனவர். மனைவியை அழைத்துக்கொள்ளும் வழி நான்கு பேருக்கும் நான்கு விதம். சிலருக்கு வழியே கிடையாது.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் இருந்து, மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் இருந்தால்தான் அவருடைய நிறுவனம் சார்புப் பாஸ் கேட்க முடியும். துபாயில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். பிரிட்டனில் முதியோர் இல்லப் பராமரிப்பு வேலைக்கு 2024 மார்ச் 11-க்குப் பிறகு விசா வாங்கிப் போனவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. இது தெரியாமல் நிச்சயம் செய்துவிட்டுத் தவிக்கும் வீடுகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. கனடாவில் படிப்பவரின் மனைவிக்கு வேலை அனுமதி முன்பு எளிதாகக் கிடைத்தது. 2025 ஜனவரி 21 முதல், கணவர் 16 மாதமாவது நீளும் முதுநிலைப் படிப்பிலோ, முனைவர் பட்டத்திலோ, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகளிலோ இருந்தால்தான் கிடைக்கும்.

ஆகவே பேச்சு முடிவாவதற்கு முன்பே மாப்பிள்ளையின் குடியிருப்பு அட்டை நகலை, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், கேட்டு வாங்குங்கள். ஜாதகம் கேட்பதில் எவ்வளவு கூச்சம் உண்டோ அவ்வளவுதான் இதிலும் இருக்க வேண்டும். தர மறுக்கும் வீட்டில், மறுப்பே பதில்.

இன்னொன்றையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்: முன்பு கல்யாணம் ஆனதுண்டா? ஆகியிருந்தால், பிரிவு நீதிமன்றத் தீர்ப்பாக இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசித் தீர்த்துக்கொண்டோம், முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிட்டோம் என்பதையெல்லாம் எந்தத் தூதரகமும் விவாகரத்தாக எடுத்துக்கொள்ளாது. முதல் கல்யாணம் சட்டப்படி முடியாதிருந்தால் இரண்டாவதை விசா அதிகாரி கல்யாணமாகவே பார்க்க மாட்டார்.

பெயர், இனிஷியல், ஊர்

நம்மவர்களின் கோப்புகள் அதிகம் சிக்குவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டோ பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கிறது. செல்வராஜ் மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவர் 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்'. ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்து 'கவிதா முருகன்'. ஊருக்கு இவர் ஒரே ஆள். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு மூன்று ஆள்.

என் அழுத்தமான யோசனை இது: விசா கையில் வரும்வரை கவிதா, 'கவிதா செல்வராஜ்' ஆகவே இருக்கட்டும். கணவர் பெயரை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எந்த நாட்டின் துணைவர் விசா விதியும் சொல்லவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கவும் திருமணச் சான்று கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் அறிவித்துவிட்டது. கல்யாணம் ஆனதும் அவசர அவசரமாக ஆதாரை மாற்றி, வங்கிக் கணக்கை மாற்றி, பாஸ்போர்ட்டை மட்டும் பழைய பெயரில் விடுவதுதான் ஆபத்து. ஒன்றாக இருப்பதைக் கலைக்காதீர்கள். ஏற்கெனவே கலைந்திருந்தால், எந்தப் பெயரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துங்கள். எழுத்துப் பிழை பெரிதாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அந்தப் பக்கத்தைக் கோப்பில் சேர்க்கலாம். சிறிய வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழி பல இடங்களில் போதும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். நம் அனந்தபுரத்தை ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு ஒரு விதமாகவும் 'ட' ஒலிக்கு ஒரு விதமாகவும் எழுதுகிறார்கள். இதே பெயரை ஒத்த பெரிய நகரம் ஆந்திரத்தில் இருக்கிறது. இணையப் படிவத்தில் ஊரை மட்டும் எழுதினால் படிப்பவர் அந்த அனந்தபூரைத்தான் நினைப்பார். எல்லாப் படிவத்திலும் 'அனந்தபுரம், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு' என்று முழுதாக, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். விழுப்புரம் மாவட்டம் உருவானது 1993 செப்டம்பர் 30-இல். அதற்கு முன் பிறந்தவர்களின் சான்றில் தென்னாற்காடு மாவட்டம் என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் விழுப்புரம் என்றிருக்கும். இது பிழை அல்ல. ஆனால் வெளிநாட்டு அதிகாரிக்கு அது தெரியாது. துணைக் கடிதத்தில் இரண்டு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும் என்பதிலும் குழப்பம் உண்டு. பிறப்பு நடந்த இடத்தில்தான் அது பதிவாகும், பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்ல. செஞ்சி வட்டாரத்துப் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். அப்படிப் பிறந்தவர் பேரூராட்சி அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றாலும் பதிவேட்டில் பெயர் இருக்காது. புதுச்சேரியில் உழவர்கரை நகராட்சியில் கேட்க வேண்டும். பழைய சான்றுகள் பலவற்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பெயர் சேர்த்துப் புதிய சான்று வாங்குங்கள். பிறப்பே பதிவாகாமல் வீட்டில் பிறந்தவர்களுக்கு வருவாய்த் துறை அதிகாரியின் ஆணை தேவைப்படும், அதற்கு மாதங்கள் பிடிக்கலாம். கல்யாணத்துக்கு வெகு முன்பே தொடங்க வேண்டிய வேலை என்றால் இதுதான்.

கல்யாணத்தைப் பதிவு செய்வது

கோயில் ரசீதும் மண்டபப் பத்திரிகையும் கல்யாணத்துக்குச் சான்றுகள்தான், திருமணச் சான்றிதழ் அல்ல. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி எந்த மதத்தவரின் கல்யாணமும் 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள். இருவருமே இந்துக்கள் என்றால் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பழக்கமான சான்றும் அதுதான்.

சார்பதிவாளர் முன்னால் இருவரும் நேரில் நிற்க வேண்டும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். மாப்பிள்ளையின் மூன்று வாரத்தில் பதிவு முடியாவிட்டால் அடுத்த விடுப்புவரை எதுவும் நகராது. பதிவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை முன்கூட்டியே நிரப்பி, சாட்சிகளைப் பேசிவைத்து, தாலி கட்டிய முதல் வாரத்திலேயே அலுவலகம் போய்விடுங்கள். மயிலத்தில் கல்யாணம் நடந்தால் கோயில் ரசீதை அன்றே வாங்குங்கள். சான்றிதழ் கையில் வந்ததும், அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், இருவர் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே திருத்துவது சுலபம். பாஸ்போர்ட்டையே கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும், நினைவிலிருந்து அல்ல.

வெவ்வேறு மதத்தவர் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் கல்யாணம். மூன்று வார விடுப்பு போதாது. விடுப்பையே அதற்கேற்ப வாங்கச் சொல்லுங்கள்.

அக்காள் மகளைக் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாய்மாமன் கல்யாணம் நம் வழக்கப்படி இங்கே செல்லும். பிரான்சிலும் பிரிட்டனிலும் மாமனும் மருமகளும் மணம் செய்துகொள்வது தடை செய்யப்பட்ட உறவு. பிரான்சில் குடியரசுத் தலைவரின் சிறப்பு விலக்கு வாங்கினால்தான் முடியும். அத்தை மகன், மாமன் மகள் உறவுக்கு இரண்டு நாட்டிலும் தடை இல்லை. மாமன் கல்யாணம் என்றால், நிச்சயம் செய்வதற்கு முன்பே அந்நாட்டுக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். உறவை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

புதுச்சேரி வழி: பிரெஞ்சுக் குடிமகன் மாப்பிள்ளை

செஞ்சியிலிருந்து புதுச்சேரி 70 கிலோமீட்டர் அளவில்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் தலைமுறைகளாக நடக்கிறது. அதனால் நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான துணைவர் விசா பிரெஞ்சு விசாதான். 1956 மே 28-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்போது எழுதிக்கொடுத்தவர்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பத்தார் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் தேடி இங்கே வருகிறார்கள்.

இந்த வழியில் எல்லாரும் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. முதலில் தாலி கட்டிவிட்டு, பிறகு தூதரகத்துக்குப் போகிறார்கள். பிரெஞ்சுச் சட்டமோ கல்யாணத்துக்கு முன்பே வரச் சொல்கிறது. பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் மணம் செய்துகொள்வதானால், மணம் செய்யத் தகுதியுள்ளவர் என்ற சான்றைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். அதற்காகக் கல்யாண அறிவிப்பைப் பத்து நாள் ஒட்டிவைப்பார்கள். தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இந்தச் சான்று கையில் இருந்தால், இங்கே கல்யாணம் பதிவான பிறகு அதைப் பிரெஞ்சுக் குடிப்பதிவேட்டில் ஏற்றுவது நேராக நடக்கும். சான்று இல்லாமல் போனாலும் ஏற்ற முடியும். ஆனால் அறிவிப்பு, விசாரணை எல்லாம் அப்போதுதான் தொடங்கும், மாதங்கள் இழுக்கும். மாப்பிள்ளை பாரிஸிலிருந்தே ஆவணங்களைத் திரட்டத் தொடங்கட்டும். பெண் தரப்பில் முழு விவரமுள்ள பிறப்புச் சான்று, அதில் அப்போஸ்டில் முத்திரை (சான்று வெளிநாட்டில் செல்லும்படி வெளியுறவு அமைச்சகம் இடுவது), பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஆகியவை தேவைப்படும்.

பதிவேட்டில் ஏறியதும் குடும்பப் பதிவுப் புத்தகம் தருவார்கள். அதன்பிறகு நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரெஞ்சுக் குடிமகனின் துணைவருக்கு விசாக் கட்டணம் கிடையாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பிரான்ஸ் விசாக் கட்டணம்' என்று பெருந்தொகை கேட்கும் தரகர் பொய் சொல்கிறார். பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் அங்கே தங்குவதே சட்டவிரோதமாகிவிடும்.

மாப்பிள்ளை பிரான்சில் வாழும் இந்தியக் குடிமகன் என்றால் இந்த வழி இல்லை. அவர் அங்கே குறைந்தது 18 மாதம் முறைப்படி வாழ்ந்திருக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத நிலையான வருமானமும், போதிய பரப்புள்ள வீடும் காட்டி, குடும்பச் சேர்க்கைக்கு அவரே அங்கே மனுச் செய்ய வேண்டும். அது அனுமதியான பிறகுதான் உங்களுக்கு வேலை வரும்.

மற்ற நாடுகள்

பிரிட்டனில் கணவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், 2024 ஏப்ரல் 11 முதல் அவருடைய ஆண்டு வருமானம் 29,000 பவுண்டாவது இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600-ஆக இருந்தது. முதல் விண்ணப்பத்தில் உங்களுடைய இந்தியச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வருமானம் இல்லையென்றால் 88,500 பவுண்டு சேமிப்பை ஆறு மாதம் கணக்கில் வைத்திருந்து காட்டலாம். ஆங்கிலத்தில் பேசவும் கேட்கவும் ஏ1 நிலைத் தேர்வு வேண்டும். ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்கள் அதை எக்டிஸ் என்ற தகுதி மதிப்பீட்டு அமைப்பின் வழியாக நிரூபித்தால் தேர்வு தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், சான்று ஆறு மாதம் செல்லும். விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. 33 மாத விசாவுக்கு 3,105 பவுண்டை ஒரே தடவையில் கட்ட வேண்டும். இந்தத் தொகையை யார் கட்டுவது என்பதைக் கல்யாணப் பேச்சிலேயே பேசிவிடுங்கள். பிறகு பெண் வீட்டின் தலையில் விழுவது வரதட்சணையின் இன்னொரு பெயராகிவிடுகிறது. வருமானம், கட்டணம் பற்றிய எண்கள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கு இந்த வருமான வரம்பும் ஆங்கிலத் தேர்வும் பொருந்தாது, அது தனி வழி.

ஜெர்மனிக்குப் போவோர் ஏ1 ஜெர்மன் தேர்வை முதலில் முடிக்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோதே நிறுவனத்தில் படிக்கலாம், எழுதலாம். கணவர் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வைத்திருந்தால் தேர்வு வேண்டாம். ஜெர்மனி விஷயத்தில் ஒரு வீண் செலவைத் தவிர்க்கலாம். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005-இல் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் நம் அப்போஸ்டில் முத்திரையை அது ஏற்பதில்லை. சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றினால், தூதரகமே ஆளை அமர்த்தி, சார்பதிவாளர் அலுவலகத்திலும் பள்ளியிலும் ஊரிலும் விசாரிக்கும். அக்கம்பக்கத்தார் கேள்விக்கு மிரளாமல் பதில் சொல்லும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கனடாவில் குடிமகனோ நிரந்தரவாசியோ துணைவரை அழைக்க, பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. மூன்று ஆண்டு பராமரிப்பேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தொலைபேசியிலோ பதிலாள் வைத்தோ நடந்த கல்யாணத்தை 2015 முதல் அவர்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் கணவர் ஹெச்1பி வேலை விசாவில் இருந்தால் மனைவிக்கு ஹெச்4 விசா, அதைச் சென்னையிலேயே பார்த்துக்கொள்ளலாம். குடிமகனின் மனைவியாகக் குடியேறும் விசாவுக்கு நேர்காணல் மும்பையில். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகாதிருந்தால் கிடைப்பது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டை. அது காலாவதியாகும் முன் 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை. திருமணச் சான்றுக்குச் சென்னைத் தலைமைச் செயலகம், இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். பிரிட்டன் எந்த முத்திரையும் கேட்பதில்லை. கேட்காத நாட்டுக்கு முத்திரை வாங்கிப் பணத்தை விரயமாக்காதீர்கள்.

இந்தக் கல்யாணம் உண்மையானதா?

எல்லா நாட்டு அதிகாரியின் மனத்திலும் இருக்கும் கேள்வி இதுதான். நம் ஏற்பாட்டுக் கல்யாணம் அவருடைய கண்ணுக்கு விசித்திரமாகத் தெரியும். ஒருமுறை பெண் பார்த்து, ஒரு மாதத்தில் நிச்சயித்து, பத்து நாள் சேர்ந்து இருந்து பிரிந்துவிட்டார்கள். காதலித்ததில்லை, சேர்ந்து ஊர் சுற்றிய படமில்லை. நமக்கு இயல்பானதை அவருக்கு எழுதிக்காட்ட வேண்டும். இதற்காக நடக்காத காதலை எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் அது வலுவாகவே இருக்கும்.

இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யார் மூலம் வரன் வந்தது, தரகரா உறவுக்காரரா, ஜாதகம் எப்போது பார்த்தீர்கள், பெண் பார்க்க யார் யார் வந்தார்கள், முதன்முதலில் தொலைபேசியில் எப்போது பேசினீர்கள், நிச்சயம் எங்கே, கல்யாணம் எங்கே, பிறகு எங்கே தங்கினீர்கள் என்று தேதியோடு. கணவரும் தனியாக ஒன்று எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுத வேண்டாம். எழுதி முடித்தபின் தேதிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

புகைப்படத்தில் ஸ்டுடியோ ஆல்பத்தை நம்பியிருக்காதீர்கள். மணமக்கள் மட்டும் நிற்கும் அலங்காரப் படம் நூறு இருந்தாலும் பயன் குறைவு. இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஒரே சட்டத்தில் நிற்கும் படம், நலங்கு, தாலி கட்டும் நேரம், பந்தி, மறுவீடு என்று இருபது படம் போதும். பின்னால் தேதியும் யார் என்பதும் எழுதுங்கள். பத்திரிகை, மண்டப ரசீது, கோயில் ரசீது ஆகியவற்றைச் சேருங்கள். மொய் நோட்டின் சில பக்கங்களையும் நகலெடுத்து மொழிபெயர்ப்போடு வைக்கலாம். யாரும் அதைக் கேட்கப் போவதில்லை, ஆனால் இரண்டு ஊர் சனம் கூடி நடத்திய கல்யாணம் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

பிரிந்திருக்கும் மாதங்களின் சான்றுதான் பலரிடம் இருப்பதில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் பேசியிருப்பார்கள், கைபேசி மாற்றும்போது எல்லாம் அழிந்திருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். அந்தரங்கப் பேச்சை யாருக்கும் காட்ட வேண்டாம், பேசிய நாளும் நேரமும் தெரிந்தால் போதும். கணவர் பணம் அனுப்பினால் மாமனார் கணக்குக்கு அனுப்பாமல் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பட்டும். இது விசாவுக்காக மட்டும் சொல்வதல்ல.

நேர்காணல் இருந்தால், மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். கணவருடைய வேலை, சம்பளம், அங்கே எந்த ஊர், வீட்டில் யார் யார், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பவை இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரியவில்லை என்றால் குறை விண்ணப்பத்தில் இல்லை, இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்பது குற்றமில்லை.

தாலி இல்லாத துணை

கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் சில நாடுகள் இடம் தருகின்றன. கனடா 12 மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவும் பொதுவாக 12 மாத உறவைக் கேட்கிறது. பிரிட்டன் இரண்டு ஆண்டு கணவன்-மனைவி போன்ற உறவைக் கேட்கிறது. ஒரே பாலின இணையர்களுக்கு இந்தியாவில் திருமணப் பதிவு இல்லை, 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமையை அளிக்கவில்லை. ஆனால் இந்த மூன்று நாடுகளும் அவர்களைத் துணைவராக ஏற்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயர், ஒரே முகவரிக்கு வரும் தபால், கூட்டுக் கணக்கு ஆகியவைதான் இவர்களுக்குத் திருமணச் சான்று. இரண்டு பெயரில் வீடு கிடைப்பது நம் ஊர்களில் எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. முடிந்தவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ முதல் நாளிலிருந்தே காகிதம் சேர்க்கத் தொடங்குங்கள்.

தரகர், மறுப்பு, போய்ச் சேர்ந்த பிறகு

படிவம் நிரப்ப உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் பத்து நாளுக்குப் பணம் போட்டுக் காட்டுகிறேன், சம்பளச் சீட்டு தயார் செய்கிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் பிரிட்டன் 10 ஆண்டும் கனடா 5 ஆண்டும் உள்ளே விடாது. தண்டனை தரகருக்கு இல்லை, உங்களுக்குத்தான். சட்ட ஆலோசனை வேண்டுமானால் பிரிட்டனுக்குக் குடியேற்ற ஆலோசனை ஆணையத்திலும், கனடாவுக்குக் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியிலும் பதிவு பெற்றவரா என்று அவர்களின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் கேட்காதீர்கள். பிரிட்டனில் அது முடியவே முடியாது.

மறுத்துவிட்டால் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். காரணம் அதிலேயே இருக்கும். பிரிட்டன் மறுத்தால், அந்நாட்டுக்கு வெளியிலிருந்து 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிரான்ஸ் மறுத்தால் நாந்த் நகரில் உள்ள விசா மறுப்பு மேல்முறையீட்டு ஆணையத்துக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். கடிதம் வந்த அன்றே நாட்காட்டியில் தேதியைக் குறியுங்கள்.

புறப்படும்போது பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றின் அசலும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றின் நகலும் பிறந்த வீட்டில் ஒரு செட் இருக்கட்டும். அங்கே போனதும் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்கிறேன் என்று யார் வாங்கினாலும், கணவரே ஆனாலும், கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் கைபேசி எண், உள்ளூர் மொழி வகுப்பு, இவை மூன்றையும் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

கல்யாணம் முடிந்து போனவர் விசாவுக்கு ஒத்துழைக்காமல் இழுத்தடித்தாலோ, அங்கே போன பின் கொடுமை நடந்தாலோ, தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களுக்கென்று 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்திலும் முறையிடலாம். புகாரைப் பெண்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, அனந்தபுரத்தில் இருக்கும் பெற்றோரும் கொடுக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று நாள் கடத்தாமல் உடனே கொடுங்கள்.